கணினி ‘நில்’ என்றால் நிற்பதா?

2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டா நெல்லூர் மாவட்டத்தை விட்டுத் திருப்பதி மாவட்டத்துக்கு வந்துசேர்ந்தது. ஏவுதளத்தில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்துப் புதுக் கோடு போட்டபோது சூலூர்பேட்டையும் கூடூரும் திருப்பதியோடு சேர்ந்தன. பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பெரும் பகுதியும் சேர்ந்தது. நிர்வாக வசதிக்காகப் போட்ட அந்தக் கோடு, இரண்டு பழைய கூட்டாளிகளை ஒரே கலெக்டருக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது. மேற்கே, திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில், பாகாலா பக்கம் காதங்கி என்றொரு கிராமம். கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. இடையில் 100 கிலோமீட்டர் சொச்சம். அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றே. காதங்கியில் மேலே வீசும் காற்றை அளக்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் அப்படிப்பட்ட காற்றைக் கிழித்துக்கொண்டுதான் ராக்கெட் போயாக வேண்டும்.

ராக்கெட் ஏவுவதை நாம் ஒரே நிகழ்ச்சியாகப் பார்க்கிறோம். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுகிறார்கள், நெருப்பு கக்குகிறது, கைதட்டுகிறோம். உள்ளே இருப்பவர்களுக்கு அது ஏழெட்டுத் தனித்தனிக் கணக்குகளின் கூட்டு. காற்று எவ்வளவு தள்ளும், அந்தத் தள்ளலை உடற்கூடு தாங்குமா, திரும்பச் சொன்னால் எவ்வளவு வேகமாகத் திரும்பும், நடுவழியில் நின்றுபோனால் எங்கே விழும், மேலே சுற்றும் குப்பையில் ஏதாவது குறுக்கே வருமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருள் உண்டு, ஒரு குழு உண்டு. ஏரோக்காரர்கள், ஸ்ட்ரக்சர்ஸ்காரர்கள், கன்ட்ரோல்காரர்கள், ரேஞ்ச் சேஃப்டிக்காரர்கள் என்று ஆளுக்கொரு மொழியும் உண்டு. ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கணக்குகள் வளர்ந்த கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதம் மாறிய கதை அவ்வளவாகச் சொல்லப்படவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவின் பெரிய விபத்துகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தால், ஒரு கணக்கு தப்பியதைவிட இரண்டு கணக்குகள் சேரும் இடத்தில் தப்பியதே கண்ணில் படுகிறது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது 1971 அக்டோபர் 9. ரோகிணி-125 என்ற சிறிய ஆய்வு ராக்கெட் அது. தீபாவளி வாணத்துக்கு அண்ணன் என்று கேலி பேசியவர்களும் அந்தக் காலத்தில் இருந்திருப்பார்கள். எட்டு ஆண்டு கழித்து வந்த எஸ்எல்வி-3 அப்படியில்லை. 23 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு கட்டங்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று அதன் முதல் பறப்பு. பொறுப்பு ஏ.பி.ஜே. அப்துல் கலாமிடம்.

கவுண்டவுனின் கடைசி நிமிடங்களில் கணினி ‘நில்’ என்றது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ சரியில்லை. கூட இருந்த நிபுணர்கள் தங்கள் கணக்கைப் பார்த்தார்கள். கசிவு இருந்தாலும் தொட்டியில் தேவைக்கு மேலேயே இருக்கிறது, போகலாம் என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். காலை 7.58க்குக் கிளம்பிய ராக்கெட்டின் முதல் கட்டம் அழகாக எரிந்து முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து புரண்டது. 317ஆவது நொடியில் பயணம் முடிந்து, மிச்சமெல்லாம் 560 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் போனது. அன்று பத்திரிகையாளர்களுக்கு முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதையும், மறு ஆண்டு வெற்றி கிடைத்தபோது கலாமை முன்னால் அனுப்பியதையும் மேடைப் பேச்சாளர்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய சில நிமிடங்கள்.

நடந்தது இதுதான். ஏவுவதற்கு 8 நிமிடம் முன்னால் இரண்டாம் கட்டத்தின் வால்வுகளுக்குக் கட்டளை போனது. திறந்து மூட வேண்டிய ஒரு சொலினாய்டு வால்வில் துளி அழுக்கு சிக்கிக்கொண்டது. வால்வு முழுதாக மூடவில்லை. அதன் வழியே செம்புகை கக்கும் நைட்ரிக் அமிலம் வழிந்துகொண்டே இருந்தது. அந்த அமிலம்தான் இரண்டாம் கட்டத்தைத் திசைதிருப்பும் சிறு எஞ்சின்களுக்கு உயிர். அதற்கு வேலை வந்த நேரத்தில் தொட்டி காலி.

இதில் யாரையும் அறிவிலி என்று சொல்ல முடியாது. அமைப்பில் கோளாறு என்பது கணினிக்குத் தெரியும். பறப்புக்கு எவ்வளவு அமிலம் போதும் என்பது தெரியாது. எவ்வளவு போதும் என்பது நிபுணர்களுக்குத் தெரியும். அந்த வால்வு மூடவே போவதில்லை என்பது தெரியாது. இருக்கிற அளவு போதுமா என்று கேட்டார்கள், ஏன் ஒழுகுகிறது என்று கேட்க நேரமில்லை. இரண்டு அறிவையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வழியில்லாத சில நிமிடங்கள் அவை. அந்த ஆண்டுகளில் கணினி என்பது துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கும் அறை. ஒரு குழுவின் விடை நீளக் காகிதச் சுருளாக வரும். அடுத்த குழு அதிலிருந்து வேண்டிய எண்களைக் கையால் எடுத்துத் தன் அட்டையில் குத்தும். கணக்குகளை இணைத்தவர்கள் மனிதர்கள்தான். மெதுவான வேலை. ஆனால் எண்ணை எடுத்து எழுதுகிறவர் ‘இது என்ன, இவ்வளவு பெரிசாக இருக்கிறதே’ என்று ஒரு நிமிடம் புருவம் தூக்குவார். அந்தப் புருவத்துக்கு இருந்த மதிப்பு பின்னால்தான் தெரிந்தது.

1993 செப்டம்பர் 20, பிஎஸ்எல்வியின் முதல் பறப்பு. ஐஆர்எஸ்-1இ செயற்கைக்கோள் உள்ளே. இம்முறை தப்பு ராக்கெட்டின் சொந்தக் கணினியில். இரண்டாம் கட்டம் பிரியும்போது அதைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய சிறு ராக்கெட்டுகளில் கோளாறு. மூன்றாம் கட்டத்தோடு உரசல். ராக்கெட் ஆடியது. ஆட்டத்தைத் திருத்தக் கணினி கட்டளை கொடுக்க முனைந்தது. எதிர்பார்த்த உச்ச வரம்பைக் கட்டளை தாண்டினால் என்ன செய்வது என்ற இடத்தில் நிரலில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. வரம்புக்குள் இருக்கும்வரை அது வாய் திறக்காது. எத்தனை சிமுலேஷன் ஓட்டினாலும், ஒழுங்காகப் பறக்கும் ராக்கெட்டை ஓட்டினால் அது சிக்காது. ஆட்டம் பெரிதானபோதுதான் சிக்கியது. எந்திரப் பிழை ஒன்று நிரல் பிழை ஒன்றை எழுப்பியது. இரண்டும் தனித்தனி இலாகாவில் உட்கார்ந்திருந்தவை.

நம்மவர்கள் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். மூன்று ஆண்டு கழித்து, 1996 ஜூன் 4 அன்று, ஐரோப்பாவின் ஏரியன்-5 முதல் பறப்பிலேயே சுமார் 40 நொடியில் சிதறியது. ஏரியன்-4க்காக எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் புது ராக்கெட்டில் வைத்திருந்தார்கள். புது ராக்கெட் வேகமானது; 16 பிட் இடத்தில் அடங்காத எண் வந்தது; கணினி கை விரித்தது. 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போய்த் தொலைந்ததற்குக் காரணம் இன்னும் வெட்கக்கேடு. ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்தது. வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் என்று படித்தது. இரண்டு நிரலும் தத்தம் அளவில் சரிதான். கோப்பு கைமாறிய இடத்தில் யாரும் நிற்கவில்லை. காகிதச் சுருள் காலமாக இருந்தால் யாராவது ஒருவர் புருவம் தூக்கியிருப்பாரோ என்னவோ.

இப்போது காதங்கிக்கு வரலாம். அங்கே காற்றை அளக்கும் கருவிக்கு எம்எஸ்டி ராடார் என்று பெயர். 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. அதை நடத்தும் நிலையத்துக்கு இன்று தேசிய வளிமண்டல ஆய்வகம் என்று பெயர். ராடார் என்றதும் சுழலும் பெரிய தட்டைத் தேடிப் போகிறவர் ஏமாந்துபோவார். மலைகள் சூழ்ந்த தாழ்நிலத்தில், ஒரு பக்கத்துக்கு 130 மீட்டர் இருக்கும் சதுர மைதானத்தில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசையாக 1,024 யாகி ஆன்டெனாக்கள் நட்டுவைத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் தூர்தர்ஷனுக்காக நாம் கட்டிவைத்திருந்தோமே, அதே சாதிதான். எதுவும் சுழலாது. 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்துக்கு அனுப்பி, காற்றின் கொந்தளிப்பிலிருந்து திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கேட்டு, எந்த உயரத்தில் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்று சொல்லிவிடும். தொடக்கத்தில் சில பெரிய டிரான்ஸ்மிட்டர்கள் எல்லா ஆன்டெனாவுக்கும் சேர்த்து மின்சக்தி ஊட்டின. இப்போது ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் அதனதன் சிறிய திண்மநிலை மாடியூல் இருக்கிறது. சில கெட்டாலும் ராடார் ஓடும். ஏவுநாட்களுக்கான வானிலை முன்கணிப்பையும் இந்த ஆய்வகம் தன் கணினிகளில் ஓட்டிக் கொடுக்கிறது.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம்? தரையில் வீசும் காற்றைவிட, 10 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுதான் ராக்கெட்டுக்கு எமன். அந்த உயரத்தை நெருங்கும்போது ராக்கெட்டின் வேகம் கூடிவிட்டிருக்கும், காற்றும் இன்னும் முழுதாக மெலிந்திருக்காது. பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால் ராக்கெட் காற்றோட்டத்துக்குச் சற்றே சாய்ந்து நிற்கும். சில டிகிரிச் சாய்வே போதும், உடற்கூட்டின் மேல் வளைக்கும் விசை ஏறிவிடும். ஆகவே ராக்கெட் எந்த நொடியில் எவ்வளவு சாய வேண்டும் என்ற வழிகாட்டு அட்டவணையை, காற்றை முன்கூட்டியே கணக்கில் எடுத்து எழுதுகிறார்கள்.

அந்தக் காலத்தில் பல ஆண்டுச் சராசரிதான் கதி. ஜூலை மாதம் என்றால் ஜூலைக் காற்று. அன்றைக்கு வீசும் காற்று சராசரியிலிருந்து ரொம்ப விலகினால் ஏவுவதைத் தள்ளிப்போட வேண்டும். இப்போது ஏவுநாளின் காற்றையே எடுத்துக்கொள்கிறார்கள். பலூன் மேலே போகிறது, அளவுகள் வந்து இறங்குகின்றன. அந்தக் காற்றுக்கு ஏற்ற சாய்வு அட்டவணையை ஒரு நிரல் போடுகிறது. அந்த அட்டவணைப்படி பறந்தால் உடற்கூட்டில் விழும் சுமை எவ்வளவு என்று இன்னொன்று பார்க்கிறது. ஸ்ட்ரக்சர்ஸ்காரர்கள் கொடுத்த தாங்குவரம்புக்குள் அது இருக்கிறதா என்று மூன்றாவது ஒப்பிடுகிறது. முழுப் பறப்பையும் ஆறு வகை அசைவோடும் மறுபடி ஓட்டிப் பார்த்து, எல்லாம் ஒத்துவந்தால்தான் அட்டவணை ராக்கெட்டின் கணினிக்குள் ஏறும். இத்தனையும் கவுண்டவுன் ஓடிக்கொண்டிருக்கும்போதே. காகிதச் சுருளைக் கையால் படித்துக் குத்திக்கொண்டிருந்தால் காற்று மாறிப் பருவமே மாறிவிடும்.

பின்னால் இருக்கும் மென்பொருள்களின் பட்டியல் நீளமானது. இரண்டை மட்டும் சொல்கிறேன். திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஃபீஸ்ட் என்ற உடற்கூட்டுப் பகுப்பாய்வு நிரலைப் பல பத்தாண்டுகளாக வளர்த்துவருகிறது. இன்று தொழிற்சாலைகளும் பொறியியல் கல்லூரிகளும்கூட வாங்கிப் பயன்படுத்தலாம். காற்றோட்டத்தைக் கணக்கிடும் ‘பிரவாஹா’ அதே மையத்தின் பிந்தைய பிள்ளை. மனிதரை ஏற்றிச்செல்லப்போகும் ககன்யான் கலத்தின் மேல் காற்று எப்படி அழுத்தும், எவ்வளவு சூடேற்றும் என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. இரண்டும் கெட்டிக்கார நிரல்கள். ஆனால் காற்றோட்டக் கணக்கு ராக்கெட்டின் மேல்பரப்பைத் தன் வசதிக்கு ஒரு வலையாக வெட்டிக்கொள்ளும். உடற்கூட்டுக் கணக்கு தன் வசதிக்கு வேறொரு வலையாக வெட்டிக்கொள்ளும். ஒரு வலையின் முடிச்சில் கிடைத்த அழுத்தத்தை மற்றதன் முடிச்சுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது மொத்த விசை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பரிசும் பாராட்டும் நிரல் எழுதியவருக்குப் போகும். இந்த மாற்றும் வேலையைச் செய்கிறவரை யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் மாலையை அவருக்குப் போடலாம்.

ஏன் என்று 2010 டிசம்பர் 25 சொல்லும். ஜிஎஸ்எல்வி-எஃப்06, கிறிஸ்துமஸ் மாலை. நான்கு மணிக்குச் சற்றுப் பின் கிளம்பியது. முக்கால் நிமிடம் ஒழுங்காகப் போனது. மேலே இருக்கும் கணினியிலிருந்து கீழே முதல் கட்டத்துக்குக் கட்டளை கொண்டுபோகும் கம்பிகள், ரஷ்ய கிரையோஜெனிக் கட்டத்தின் அடிப்பகுதியில் பத்து இணைப்பிகள் வழியே போகின்றன. அந்தக் கட்டம் பிரியும்போது, அதாவது கிளம்பி ஐந்து நிமிடத்தை நெருங்கும்போதுதான், அவை கழல வேண்டும். சுமார் 47ஆவது நொடியிலேயே கழன்றுவிட்டன. எஞ்சின் பக்கத்தை மூடியிருந்த உறை காற்றழுத்தத்தில் உருக்குலைந்து இணைப்பிகளை இழுத்துவிட்டது என்பது விசாரணையின் முடிவு. மூளை இருந்தது, கை கால் இருந்தன, நடுவில் நரம்பு அறுந்தது. ராக்கெட் திரும்பியது, முறியத் தொடங்கியது. ஒரு நிமிடம் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ரேஞ்ச் சேஃப்டி அதிகாரி அழிப்புக் கட்டளை கொடுத்தார். ஜிசாட்-5பி துண்டு துண்டாகக் கடலில் விழுந்ததை நாடே நேரலையில் பார்த்தது. ஏரோவின் அழுத்தம், ஸ்ட்ரக்சர்ஸின் உறை, மின்பிரிவின் இணைப்பி: மூன்று குழுவின் எல்லைகள் ஒரு சாண் இடத்தில் சந்திக்கின்றன. எல்லைக் கல் யாருடைய நிலத்தில் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

அழிப்புக் கட்டளை கொடுப்பவரின் திரையில் என்ன தெரியும் என்பது பலருக்கும் தெரியாது. ராக்கெட் இப்போது எங்கே இருக்கிறது என்பதைவிட, இந்த நொடியில் எஞ்சின் நின்றால் எங்கே விழும் என்ற புள்ளிதான் அவருக்கு முக்கியம். பல ராடார்கள் தரும் தகவலும் ராக்கெட்டே அனுப்பும் தகவலும் சேர்ந்து அந்தப் புள்ளியை இடைவிடாமல் நகர்த்துகின்றன. அது வரைந்துவைத்த கோட்டைத் தாண்டக் கூடாது. துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி நேரே தெற்கே போனால் அந்தப் புள்ளி இலங்கையின் மேல் ஊர்ந்து போகும். அதனால்தான் முதலில் தென்கிழக்கே போய், நடுவானில் வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு விலை உண்டு: ஏற்றிச்செல்லும் எடை குறைகிறது. சிறிய ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்றுதான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

இத்தனை மென்பொருளும் சேர்ந்து தரும் விடை, பழவேற்காட்டு மீனவருக்கு ஒரே வாக்கியமாகப் போய்ச் சேர்கிறது: ராக்கெட் விடுறாங்க, கடலுக்குப் போகாதே. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். எந்த நொடியில் எந்தத் துண்டு எங்கே விழும் என்று கணினி துல்லியமாகப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தத் துல்லியத்தில் ஒரு துளியும் படகுத்துறைக்கு வருவதில்லை. ஏவுதல் தள்ளிப்போனால் அவருக்கு இன்னொரு நாள் வருமானம் போகிறது. கணக்குகளை இணைக்கிறவர்கள் இந்தக் கடைசிக் கண்ணியையும் ஒருநாள் கணக்கில் சேர்த்தால் நல்லது.

மேலே பார்த்தால் வேறு நெருக்கடி. எஸ்எல்வி காலத்தில் விண்வெளியில் மோதுவதற்கு ஆள் தேட வேண்டும். இன்று கண்காணிப்புப் பட்டியலில் இருக்கும் செயற்கைக்கோள்களும் உடைசல்களும் 25,000ஐத் தாண்டும். ஏவும் பாதையை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இப்போது எதுவும் கிளம்புவதில்லை. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 மதியம் 2 மணி 35 நிமிடம் 17 நொடிக்குக் கிளம்பியதல்லவா? மோதல் தவிர்ப்புக் கணக்கில் ஏதோ ஒரு பொருள் நெருங்கி வருவதாகத் தெரிந்ததால் 4 நொடி தள்ளிவைத்த நேரம் அது. பார்வையாளர் மாடத்தில் தேசியக்கொடி ஆட்டிக்கொண்டிருந்த எவருக்கும் அந்த 4 நொடி தெரிந்திருக்காது. சாஸ்திரிகள் குறித்துக் கொடுக்கும் முகூர்த்தத்திலும் இவ்வளவு சுத்தம் கிடையாது. சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலிலும் திருமலையிலும் ராக்கெட்டின் சிறு மாதிரியை வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவதும் இன்றளவும் தொடர்கிறது. அதையும் யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

ஸ்ரீஹரிகோட்டா வெறும் ஏவுதளம் அன்று, பெரிய ஆலையும்கூட. எல்விஎம்-3இன் பக்கவாட்டு உந்துகலன் ஒன்றில் மட்டும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள். அதை வார்ப்பதும் பதப்படுத்துவதும் அந்தத் தீவில்தான். 2004 பிப்ரவரி 23 அன்று திட எரிபொருள் ஆலையில் நடந்த தீவிபத்தில் ஆறு பேர் இறந்தார்கள். ராக்கெட் தோற்றால் நாள் முழுக்கப் பேசுகிறோம். ஆலைப் பாதுகாப்பைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

கலாம் கணினியை ஒதுக்கிய கதைக்கு நேர் எதிரான காட்சி 2023 அக்டோபர் 21 அன்று வந்தது. ககன்யானில் ஆபத்து நேர்ந்தால் வீரர்கள் இருக்கும் கலத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும் அமைப்புக்கான சோதனை, டிவி-டி1. வானிலையால் முதலிலேயே தாமதம். 8.45க்கு எண்ணிக்கொண்டே வந்து, 5 நொடி இருக்கும்போது தரைக் கணினி நிறுத்திவிட்டது. நாட்டுக்கே நேரலை, விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள். யாரும் கணினியை ஒதுக்கவில்லை, ஒதுக்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. கண்காணிப்பு அமைப்பில் இருந்த பிசகைக் கண்டுபிடித்துத் திருத்தி, 10 மணிக்கு ஏவினார்கள். கலம் பத்திரமாகக் கடலில் இறங்கியது. 2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2ஐ 56 நிமிடம் 24 நொடி இருக்கும்போது நிறுத்தி, ஒரு வாரம் கழித்து ஏவியதும் இதே ஒழுக்கம்தான்.

அப்படியானால் இயந்திரம் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானா? அங்கேதான் 2022 ஆகஸ்ட் 7 குறுக்கே நிற்கிறது. இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பறப்பு. மூன்று கட்டமும் சரியாக எரிந்தன. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது கருவித் தட்டில் ஓர் அதிர்வு, ரொம்பக் குறைந்த நேரம். முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் அந்தக் கணம் திணறின. பழுது கண்டறியும் நிரல் அதைப் பார்த்து, சென்சார்கள் கெட்டுவிட்டன என்று தீர்ப்பு எழுதிவிட்டது. அதிர்வு அடங்கியதும் அவை நன்றாகவே இருந்தன. தீர்ப்பை மாற்ற நிரலில் வழியில்லை. ராக்கெட் கண்ணைக் கட்டிக்கொண்டு, மனப்பாடப் பாதையில் போகும் மீட்பு நிலைக்கு மாறியது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதில் 356க்கு 76 கிலோமீட்டர் நீள்வட்டம். 76 கிலோமீட்டரில் எதுவும் தங்காது. பள்ளி மாணவிகள் 750 பேர் சேர்ந்து செய்த ஆசாதிசாட் உட்பட இரண்டு கோளும் விழுந்துவிட்டன.

1979இல் மனிதர் இயந்திரத்தை நம்பவில்லை. இயந்திரம் சொன்னது சரி. 2022இல் இயந்திரம் தன் சென்சாரையே நம்பவில்லை. சென்சார் சொன்னது சரி. அதிர்வு எவ்வளவு இருக்கும் என்று தரைச் சோதனை ஓர் அளவு கொடுத்தது. எவ்வளவு நேரம் திணறினால் பழுது என்று கொள்வது என்பதை நிரல் எழுதியவர்கள் முடிவு செய்தார்கள். பறப்பில் வந்த அதிர்வு முதல் அளவைத் தாண்டியது. இரண்டாவது அளவு அதை அறியவில்லை. திருத்தமும் இரண்டு பக்கமும் நடந்தது. பிரிக்கும் அமைப்பை அதிர்வு குறைந்ததாக மாற்றினார்கள். நிரல் பொறுமையாகப் பார்க்கும் கால இடைவெளியைக் கூட்டினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த எஸ்எஸ்எல்வி சரியாகப் போனது.

எல்லாக் கருவியையும் ஒரே பெரிய மென்பொருளாக இணைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஐரோப்பியக் கார்த் தொழிலில் 2010இல் எஃப்எம்ஐ என்ற பொது இடைமுகத்தை வகுத்தபோது அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு கருவியும் தன் வீட்டில் இருக்கட்டும், வாசல் மட்டும் ஒரே அளவில் இருக்கட்டும் என்றார்கள். எனக்கு அந்த வழிதான் சரியாகப் படுகிறது. ஒரே மென்பொருள் என்றால் ஒரே அனுமானம். அது தப்பினால் தட்டிக் கேட்க ஆளில்லை. தனித்தனிக் குழு, தனித்தனி நிரல், நடுவில் கறாரான கைமாற்றம். எண்ணோடு சேர்த்து அது எந்த நிபந்தனையில் செல்லும் என்பதும் கைமாற வேண்டும்.

அந்தக் கைமாற்றம் இப்போது இஸ்ரோவின் வேலியைத் தாண்டிவிட்டது. சென்னை ஐஐடியில் கருவான அக்னிகுல் நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவுக்குள்ளேயே தன் சொந்த ஏவுதளத்தைக் கட்டியிருக்கிறது. அவர்களுடைய அக்னிபான் சோதனை ராக்கெட்டைப் பல முறை கவுண்டவுனிலேயே நிறுத்தினார்கள். 2024 மே 30 காலையில் பறந்தது. ராக்கெட் அவர்களுடையது, முப்பரிமாண அச்சில் எடுத்த எஞ்சினும், அதை ஓட்டும் நிரலும் அவர்களுடையவை. ஆனால் கோட்டைத் தாண்டினால் நிறுத்தும் கருவியை 2023இல் இஸ்ரோ கொடுத்தது. தனியார் ராக்கெட்டுக்கு இஸ்ரோ அப்படி ஒன்றைக் கொடுத்தது அதுவே முதல் முறை.